சும்மா கிடந்த பேட்டரி: தடைக்காலம் கற்றுத்தரும் அறிவியல்

"சார், எங்கப்பா போட்டுல பேட்டரி ரெண்டு மாசமா சும்மாத்தான் கெடந்துச்சு. யாருமே தொடல. அப்புறம் எப்படி சார் சார்ஜ் எறங்கும்?"

தருவைகுளம் போன்ற கடலோர ஊரில் பணியாற்றும் ஆசிரியரிடம் ஜூன் மாதப் பிற்பாதியில் இப்படி ஒரு கேள்வி வந்தால் வியப்பதற்கில்லை. கேட்கும் பிள்ளைக்கு இது பாடப்புத்தகக் கேள்வி அன்று. இரண்டு மாத வருமானம் நின்றுபோன வீட்டில், கடலுக்குப் போகும் முதல் நாளே புது பேட்டரிக்குக் காசு தேட வேண்டியிருக்கலாம். அந்தக் கவலையிலிருந்துதான் கேள்வி பிறக்கிறது. "பழசாயிடுச்சு, அதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டால் அறிவியலைத் தொட்டுக் காட்டக் கிடைத்த நல்ல வாய்ப்பை இழக்கிறோம். விடையை நாம் தெரிந்துகொண்டால் அந்த வீட்டுக்கும் பயன்படும், நம் பள்ளிக்கும் பயன்படும்.

61 நாள் ஓய்வு

மீன்களின் இனப்பெருக்கக் காலத்தைக் காப்பதற்காகக் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை விதிக்கப்படுகிறது. 2001இல் தொடங்கியபோது 45 நாள்களாக இருந்த தடை, 2017 முதல் 61 நாள்களாக நீட்டிக்கப்பட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும். படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பது, வண்ணம் பூசுவது, வலை பின்னுவது என்று வேலைகள் நடக்கும். பேட்டரியை மட்டும் பெரும்பாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. அது வேலை செய்யவில்லை என்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்துவிடுகிறோம்.

தருவைகுளத்து விசைப்படகுகள் செவுள் வலையோடு பல நாள் கடலில் தங்கி மீன்பிடிப்பவை. அத்தகைய படகில் இன்ஜினைக் கிளப்புவதற்கு மட்டுமல்ல, ஜிபிஎஸ், வயர்லெஸ், இரவு விளக்குகள் அனைத்துக்கும் பேட்டரிதான் ஆதாரம். நடுக்கடலில் இன்ஜினை நிறுத்தி வலை விட்டுவிட்டு, மீண்டும் கிளப்பும்போது பேட்டரி கைவிட்டால் படகு காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் விடப்பட்ட கட்டைதான். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது, கரையிலிருந்து செய்தி எட்டாத தொலைவில் இருந்தவர்கள் பட்ட பாட்டைக் கடலோர மாவட்டங்கள் மறக்கவில்லை. தகவல் தொடர்புக் கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதற்குப் பின்னால் உயிருள்ள பேட்டரி வேண்டும்.

பேட்டரிக்குள் என்ன இருக்கிறது?

படகுகளில் பரவலாக இருப்பது காரீய அமில பேட்டரி. பிரான்சு நாட்டின் காஸ்டன் பிளாண்டே 1859இல் உருவாக்கிய அமைப்பு இது. அடிப்படை இன்றும் மாறவில்லை. 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு அறைகள். ஒவ்வோர் அறையும் ஒரு மின்கலம், ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். அறைக்குள் இரு வகைத் தகடுகள்: ஒன்று காரீயம், மற்றது காரீய டை ஆக்சைடு. இரண்டும் நீர்த்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கும்.

மின்சாரம் எடுக்கும்போது நடப்பது இதுதான்:

காரீயம் + காரீய டை ஆக்சைடு + கந்தக அமிலம் → காரீய சல்பேட் + நீர்

இரு தகடுகளிலும் காரீய சல்பேட் படிகிறது. அமிலம் குறைந்து நீர் கூடுகிறது. சார்ஜ் ஏற்றும்போது இதே வினை பின்னோக்கி நடக்கிறது. எனவே அமிலத்தின் ஒப்படர்த்தியைப் பார்த்தே சார்ஜ் நிலையைச் சொல்லிவிடலாம். முழுதாக ஏறியிருந்தால் 1.26க்கு மேல் இருக்கும். காலியானால் 1.15ஐ ஒட்டி வந்துவிடும். பேட்டரிக் கடையில் கண்ணாடிக் குழாய்க்குள் மிதவையை வைத்து உறிஞ்சிப் பார்ப்பது இதைத்தான்.

இங்கே ஒரு தவறான பழக்கத்தையும் விளக்கலாம். சார்ஜ் இறங்கிய பேட்டரியில் "ஆசிட் கம்மியாயிடுச்சு" என்று அமிலம் ஊற்றுபவர்கள் உண்டு. அமிலம் எங்கும் போய்விடவில்லை. அதன் சல்பேட் தகடுகளில் ஒட்டியிருக்கிறது. சார்ஜ் ஏற்றினால் திரும்பி வரும். ஆவியாகிப் போவது நீர் மட்டுமே. ஆகவே மட்டம் குறைந்தால் ஊற்ற வேண்டியது காய்ச்சி வடிகட்டிய நீர். கிணற்று நீரோ குழாய் நீரோ கூடாது. கடலோர ஊர்களின் நிலத்தடி நீரில் குளோரைடு கூடுதல். அதுவும் இரும்பும் உள்ளே போனால் பேட்டரியின் ஆயுள் குறையும்.

தொடாமலே இறங்குவது ஏன்?

மண்பானையில் நீர் நிரப்பி மூடி வையுங்கள். யாரும் மொள்ளாவிட்டாலும் மட்டம் இறங்கும். வெயில் காலத்தில் இன்னும் வேகமாக இறங்கும். பேட்டரியும் அப்படித்தான். கம்பி எதையும் இணைக்காவிட்டாலும் உள்ளே வேதிவினை நிற்பதில்லை. காரீயத் தகடு அமிலத்தோடு மெல்ல வினைபுரிந்து காரீய சல்பேட்டாகிறது, ஹைட்ரஜன் வெளிவருகிறது. எதிரே உள்ள காரீய டை ஆக்சைடும் மெல்லச் சிதைந்து ஆக்சிஜனை விடுகிறது. இதற்குத் தன்மின்னிறக்கம் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்.

இதன் வேகத்தை முடிவு செய்பவை நான்கு.

முதலாவது வெப்பம். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் இந்த வினையின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். தடைக்காலம் வருவதோ கடும் கோடையில். 25 டிகிரிக்குச் சொல்லப்படும் கணக்கு, 35 டிகிரியில் காயும் இன்ஜின் அறைக்குப் பொருந்தாது.

இரண்டாவது தகட்டின் கலவை. தகடுகளைத் தாங்கும் காரீயச் சட்டத்தை உறுதியாக்க ஆண்டிமனி சேர்ப்பார்கள். அந்த ஆண்டிமனியே தன்மின்னிறக்கத்தைத் தூண்டும். பேட்டரி பழையதாக ஆக, ஆண்டிமனி எதிர்மின் தகட்டில் சேர்ந்து இழப்பு கூடிக்கொண்டே போகும். கால்சியம் சேர்த்த புதிய வகைகளில் இழப்பு குறைவு.

மூன்றாவது மேற்பரப்புக் கசிவு. பேட்டரியின் மேல் படிந்த அமில ஈரமும் உப்புக்காற்றின் ஈரமும் சேர்ந்து இரு முனைகளுக்கிடையே மெல்லிய மின்கடத்தியாகிவிடும். உப்பளங்கள் சூழ்ந்த கரையில் இதைச் சாதாரணமாக எண்ணக் கூடாது. கடற்காற்றில் உலோகம் எப்படி அரிக்கிறது என்பது பெரிய ஆய்வுத் துறை. காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளை தூத்துக்குடியில் இருப்பதற்கும் அதுதான் காரணம்.

நான்காவதுதான் பலரும் கவனிக்காதது: கழற்றாமல் விட்ட இணைப்பு. எல்லாவற்றையும் அணைத்துவிட்டோம் என்று நினைத்திருப்போம். ஆனால் ஏதோ ஒரு கருவி தன் நினைவகத்துக்காகச் சிறிதளவு மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டிருக்கும்.

எத்தனை நாள் தாங்கும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரே விடை கிடையாது. ஆனால் எட்டாம் வகுப்புக் கூட்டுவட்டிக் கணக்கை அறிந்த மாணவரே விடையைக் கண்டுபிடித்துவிடலாம். 100 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

நல்ல நிலையிலுள்ள, தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரி. கோடை வெப்பத்தில் மாதம் 10 விழுக்காடு இழக்கிறது என்று கொள்வோம். முதல் மாதம் 100லிருந்து 90. இரண்டாம் மாதம் 90இல் 10 விழுக்காடு போக 81. கவலையில்லை.

அதே வகை, ஆனால் பழைய பேட்டரி. நாளுக்கு 1 விழுக்காடு இழக்கிறது என்று கொள்வோம். 0.99ஐ 61 முறை பெருக்கினால் சுமார் 0.54. அதாவது பாதிதான் மிச்சம்.

இதே பழைய பேட்டரியைச் சார்ஜ் ஏற்றாமல், கடைசிப் பயணம் முடிந்து வந்த 70 விழுக்காட்டு நிலையிலேயே விட்டிருந்தால்? 70இல் 54 விழுக்காடு. ஏறத்தாழ 38தான் மிச்சம். இன்ஜின் கிளம்புவது சந்தேகம்.

இனி இணைப்பைக் கழற்ற மறந்த கணக்கு. வெறும் 20 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. 0.02 ஆம்பியர் × 24 மணி × 61 நாள் = 29.28 ஆம்பியர் மணி. 50 மில்லி ஆம்பியர் ஓடினால் 73.2. இவ்வளவு சிறிய மின்னோட்டம், நல்ல பேட்டரியைக் காலி செய்துவிடுகிறது! பிள்ளைகளைப் போடச் சொல்லிப் பாருங்கள். விடையை நம்பாமல் இரண்டாம் முறை பெருக்கிப் பார்ப்பார்கள்.

நடைமுறையில் இப்படிச் சொல்லலாம். தண்ணீர் ஊற்றும் காரீய அமில பேட்டரியை நம் கோடையில் ஒரு மாதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்றாமல் விடக் கூடாது. மூடிய வகை இரண்டு, மூன்று மாதம் தாங்கும். குளிர்ந்த இடத்தில் இன்னும் கூடுதலாகத் தாங்கும். லித்தியம் வகை பல மாதம் தாங்கும், ஆனால் அதைப் பேணும் முறை வேறு. அதைப் பின்னால் பார்ப்போம்.

இறங்குவதைவிடப் பெரிய கேடு

சார்ஜ் இறங்கினால் ஏற்றிவிடலாமே, அதற்கு ஏன் புது பேட்டரி வாங்க வேண்டும்? மாணவர்களின் அடுத்த கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

இதற்கு விடை உப்பளத்தில் இருக்கிறது. ஒரே அளவு தூளுப்பையும் கல்லுப்பையும் தனித்தனிக் குவளை நீரில் போட்டு, கலக்காமல் விடுங்கள். தூளுப்பு விரைவில் கரையும். கல்லுப்பு அடியில் கிடக்கும். தகட்டில் புதிதாகப் படியும் காரீய சல்பேட் மிக நுண்ணிய படிகங்களாக இருக்கும். உடனே சார்ஜ் ஏற்றினால் எளிதில் பழைய நிலைக்குத் திரும்பும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் சிறு படிகங்கள் கரைந்து பெரிய படிகங்களோடு சேர்ந்து, அவை தடித்து வளரும். காரீய சல்பேட் மின்சாரத்தை நன்கு கடத்தாது. தடித்த படிகங்கள் தகட்டை மூடிவிட்டால் சார்ஜரின் மின்னோட்டம் அவற்றை அசைக்க முடியாது. பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறைந்துவிடும். இதையே சல்பேட் படிதல் என்கிறோம்.

எனவே பேட்டரியைக் கெடுப்பது ஓய்வு அன்று. காலியான நிலையில் எடுக்கும் ஓய்வுதான். நிறைந்த வயிற்றோடு தூங்கிய பேட்டரி எழுந்துவிடும். பசியோடு தூங்கியது எழுவது அரிது.

தடைக்காலத்துக்கு ஓர் அட்டவணை

ஏப்ரல் 15ஐ ஒட்டி: பேட்டரியை முழுமையாகச் சார்ஜ் ஏற்றுக. நீர் மட்டம் பார்த்து, தேவையானால் காய்ச்சி வடிகட்டிய நீரை, சார்ஜ் ஏறிய பிறகு நிரப்புக. எதிர்மின் முனையை முதலிலும் நேர்மின் முனையை அடுத்தும் கழற்றுக. மூடிகள் இறுக்கமாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு, மேற்பரப்பைச் சமையல் சோடா கரைத்த நீரில் நனைத்த துணியால் துடைத்து உலர்த்துக. முனைகளில் வாசலின் தடவுக. நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் வைக்க.

மே 15ஐ ஒட்டி: மின்னழுத்தம் பார்த்து மீண்டும் முழுதாகச் சார்ஜ் ஏற்றுக.

ஜூன் 10ஐ ஒட்டி: மூன்றாம் முறை சார்ஜ் ஏற்றி, ஒரு நாள் விட்டு மின்னழுத்தம் பார்க்க. பிறகு படகில் பொருத்தி இன்ஜினைக் கிளப்பிப் பார்க்க. கிளப்பும் நொடிகளில் மின்னழுத்தம் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் அந்த பேட்டரியை நம்பிக் கடலுக்குப் போகக் கூடாது. அது கரையில் தெரிந்துவிட்டது நல்லது.

சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று இதற்குப் போதும். பேட்டரியைச் சில மணி நேரம் ஓய்வில் விட்டபின் அளந்தால், 12.6 வோல்ட்டுக்கு மேல் என்றால் நிறைவு. 12.4 என்றால் முக்கால். 12.2 பாதி. 12.0 கால். 11.9க்குக் கீழே என்றால் காலி. 12.4க்கு வந்தாலே சார்ஜ் ஏற்றிவிட வேண்டும். "12 வோல்ட் பேட்டரிதானே, 12 காட்டுகிறதே" என்று ஏமாந்துவிடக் கூடாது.

61 நாளும் சாதாரண சார்ஜரில் மாட்டியே வைக்கலாமா? கூடாது. மிகை சார்ஜால் நீர் வற்றித் தகடு அரிக்கும். தானாக நின்றுவிடும் சார்ஜர் அல்லது கட்டுப்பாட்டுக் கருவியோடு கூடிய சிறிய சூரிய மின்தகடு என்றால் சரி.

சிமெண்டுத் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்றொரு நம்பிக்கை உண்டு. மரப்பெட்டியிலும் பழைய ரப்பர் பெட்டியிலும் பேட்டரி வந்த காலத்தில், ஈரத்தால் கசிவு ஏற்பட்டிருக்கலாம். இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அது பொருந்தாது. எனினும் பெரியவர்கள் சொல்வதை மறுத்துப் பேசச் சொல்ல வேண்டாம். சோதித்துப் பார்க்கச் சொல்லலாம்.

நம் பள்ளியிலும் ஒரு தடைக்காலம்

ஏப்ரல் இறுதியில் பள்ளியைப் பூட்டுகிறோம். ஜூனில் திறக்கிறோம். படகின் ஓய்வும் பள்ளியின் ஓய்வும் ஏறத்தாழ ஒரே காலம். கணினி ஆய்வகத்தின் யுபிஎஸ், இன்வெர்ட்டர் பேட்டரிகளும் பெரும்பாலும் காரீய அமில வகையே. பாதுகாப்புக்காக முதன்மைச் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிறோம். யுபிஎஸ் தன் சுவிட்ச் அணைக்கப்படாமல் இருந்தால், பேட்டரியை முற்றிலும் இறக்கிவிட்டுத்தான் ஓயும். ஜூனில் "யுபிஎஸ் பேக்கப் நிக்கல" என்று நாம் புகார் எழுதும்போது, படகுக்காரர் வீட்டுக் கதையே நம் ஆய்வகத்திலும் நடந்திருக்கிறது.

ஆகவே விடுமுறைக்கு முன் முழுதாகச் சார்ஜ் ஏற்றி, யுபிஎஸ்ஸின் சுவிட்சையும் அணைத்து, முடிந்தால் பேட்டரி இணைப்பைப் பணியாளர் உதவியோடு கழற்றிவிட வேண்டும். தலைமையாசிரியர் அலுவல் நிமித்தம் மே மாதம் பள்ளிக்கு வரும் நாளில் ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் போதும்.

மடிக்கணினி, கைக்கணினிகளில் உள்ளது லித்தியம் பேட்டரி. இதற்கு முறை நேர்மாறு. முழு சார்ஜிலும் வைக்கக் கூடாது, காலியாகவும் வைக்கக் கூடாது. ஏறத்தாழப் பாதி சார்ஜில் அணைத்து, குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். காரீயத்துக்கு நிறைவு, லித்தியத்துக்குப் பாதி என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

வகுப்பறையில் செய்யலாம்

தொடக்க நிலை: ஒரே அளவுள்ள இரு சிறு மண்பானைகளில் சம அளவு நீர் ஊற்றி மூடி, ஒன்றை நிழலிலும் மற்றதை வெயிலிலும் வையுங்கள். நாள்தோறும் குச்சியால் மட்டத்தை அளந்து சுவரில் குறிக்கட்டும். பயன்படுத்தாததும் குறையும் என்பது கண்முன் தெரியும். பயன்படாத டார்ச், பொம்மைகளில் உள்ள செல்களை நீண்ட விடுமுறைக்கு முன் பெரியவர்களைக் கொண்டு எடுத்துவிடும் பழக்கத்தையும் சொல்லித்தரலாம். ஒழுகிய செல்லைக் கையால் தொடக் கூடாது.

நடுநிலை: தூளுப்பு, கல்லுப்புச் சோதனை. கரையும் நேரத்தைக் குறித்து அட்டவணையாக்கட்டும். மேலே கண்ட விழுக்காட்டுக் கணக்குகளைப் போட்டு வரைபடம் வரையட்டும்.

உயர்நிலை, மேல்நிலை: மூடிய வகை பேட்டரி ஒன்றின் மின்னழுத்தத்தை ஆசிரியர் முன்னிலையில் வாரம் ஒரு முறை அளந்து பதிவு செய்யலாம். இரண்டு கிடைத்தால் ஒன்றைத் தரையிலும் மற்றதைக் கட்டை மேலும் வைத்துச் சிமெண்டுத் தரை நம்பிக்கையைச் சோதிக்கலாம். மின்வேதியியல் பாடத்தில் காரீய அமில மின்கலத்தின் சமன்பாட்டை எழுதும் நாளில், இந்தப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு நடத்துங்கள்.

கட்டாயம் சொல்ல வேண்டியவை

பேட்டரி மூடியைத் திறப்பது, அமிலத்தைத் தொடுவது எதையும் மாணவர் செய்யக் கூடாது. சார்ஜ் ஏறும்போது வரும் ஹைட்ரஜன், காற்றில் 4 விழுக்காட்டைத் தாண்டினால் ஒரு தீப்பொறியில் வெடிக்கும். பூட்டிய அறையில் சார்ஜ் ஏற்றக் கூடாது. இரு முனைகளின் மேல் வளையலோ ஸ்பேனரோ பட்டால் தீக்காயம் உண்டாகும். அமிலம் கண்ணிலோ தோலிலோ பட்டால் உடனே ஓடும் நீரில் நெடுநேரம் கழுவி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பழைய பேட்டரி. வலையின் அடிக்கயிற்றில் கட்டும் ஈயக் குண்டும் பேட்டரித் தகடும் ஒரே உலோகம். பழைய பேட்டரியை உடைத்து வீட்டு முற்றத்தில் ஈயம் உருக்க நினைத்தால், அந்தப் புகையும் தூசியும் முதலில் சேர்வது தவழும் குழந்தையின் உடலில்தான். இரத்தத்தில் காரீயம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதைப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என்பது உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு. அது குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது, கற்கும் திறனைக் குறைக்கிறது. நம் வகுப்பில் கவனம் சிதறும் பிள்ளையைப் பற்றிப் பேசும் நாம், இதையும் அறிந்திருக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரிகள் அங்கீகரிக்கப்பட்ட சேகரிப்பு வழியில்தான் மறுசுழற்சிக்குப் போக வேண்டும். புது பேட்டரி வாங்கும் கடையில் பழையதைக் கொடுத்தால் விலையிலும் கழிவு கிடைக்கும்.

தடைக்காலம் தொடங்குவதற்கு முந்தைய வாரம், பள்ளியும் ஆண்டிறுதித் தேர்வில் இருக்கும். அந்த வாரத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி, மேலே உள்ள மூன்று தேதிகளையும் பிள்ளைகளின் குறிப்பேட்டில் எழுதச் செய்யுங்கள். வீட்டு நாள்காட்டியிலும் அவர்களே குறித்துவைக்கட்டும். ஜூன் 14 நள்ளிரவு கடந்து படகுகள் கிளம்பும்போது, அப்பாவின் போட்டு முதல் திருகலிலேயே உயிர்பெற்றால், "எங்க டீச்சர் சொன்னாங்க" என்று அந்தப் பிள்ளை கரையில் நின்று சொல்லும்.